பாட்டுப் பெட்டியை எங்கே வைப்பது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பாடப்புத்தகச் செய்தி அன்று. நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பாட்டுப் பெட்டியைப் பற்றிய செய்தி. பெட்டி வாங்குவது என்றால் ஊர் முழுதும் விசாரிக்கிறோம். எந்தக் கடையில் விலை மலிவு, எத்தனை மாதத் தவணை, எத்தனை வாட் சத்தம் என்றெல்லாம் கேட்கிறோம். வாங்கி வந்த பிறகு அதை வீட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே வைத்துவிடுகிறோம். அதனால் வரும் தொல்லை என்ன, அதைக் காசு செலவில்லாமல் தீர்ப்பது எப்படி என்பதை ஒரு வீட்டில் நடந்ததைக் கொண்டே சொல்லுகிறேன்.

டுரியான் துங்கால் வட்டாரத்தில் ஒரு தோட்டம். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் பழைய லயங்களில் ஒன்றிரண்டு இன்னும் நிற்கின்றன. பலகைச் சுவர், தகரக் கூரை. என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒரு மாணவியின் வீடு அப்படிப்பட்ட லயத்தில் நடு வீடு. பிள்ளை கெட்டிக்காரி. ஒரு நாள் வகுப்பில் எல்லோரிடமும், "இன்று இரவு வானொலிச் செய்தியைக் கேட்டு, ஐந்து வாக்கியம் எழுதி வாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் இவள் நோட்டைப் பார்த்தால், 'வெள்ளம்' வரவேண்டிய இடத்தில் 'வெல்லம்' இருந்தது. 'மழை' 'மலை' ஆகியிருந்தது. வகுப்பில் நான் சொல்லி எழுதச் சொன்னால் அவள் இப்படித் தவறு செய்வதில்லை.

"ஏனம்மா இப்படி?" என்று கேட்டேன்.

"வீட்டுல ரேடியோ அப்படித்தான் சார் கேக்குது. எல்லாம் கொழகொழன்னு இருக்கு" என்றாள்.

அதே வாரத்தில் அவள் தகப்பனாரும் பள்ளிக்கு வந்தார். அவருக்கு வேறொரு வருத்தம். "வாத்தியாரே, பெட்டி சரியில்ல. பாட்டு விளங்கலேன்னு சத்தத்தக் கூட்டினா, பக்கத்து வீட்டுப் பாட்டி சண்டைக்கு வருது. காலையில பெரட்டுக்குப் போற பிள்ளைங்க தூங்க வேணாமான்னு கேக்குது. இதக் குடுத்துட்டுப் பெரிய செட்டா எடுத்துரலாம்னு இருக்கேன். 24 மாசத் தவணை" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. சனிக்கிழமை நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. நல்ல ஸ்டீரியோ செட். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அவை இருந்த இடம்தான் கோளாறு. பிள்ளைகள் கை படக்கூடாது என்று, மூலையில் நின்ற துணி அலமாரியின் தலையில் இரண்டையும் ஒட்டி ஒட்டி ஏற்றி வைத்திருந்தார்கள். அலமாரி நின்றதோ பாட்டி வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் பொதுவான பலகைச் சுவரின் ஓரம். பழைய லயங்களில் அந்த இடைச்சுவர் கூரை வரை ஏறாது. மேலே திறந்தே கிடக்கும். ஆகவே பெட்டிகள் இரண்டும் பாதிப் பாட்டை இந்த வீட்டுக்கும் மீதியைப் பாட்டி வீட்டுக்கும் பாடிக்கொண்டிருந்தன. தவணை கட்டியவர் இவர். பாட்டு இறங்கியது பாட்டியின் படுக்கையில்.

நேயர்களே, பெட்டியை இடம் மாற்றும் முன், எதற்காக இரண்டு பெட்டிகள் கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்குக் காது இரண்டு. வலப்பக்கம் ஒரு சேவல் கூவினால் அந்த ஒலி வலக்காதை முதலில் தொடுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதுக்குச் சற்றுப் பிந்தி, சற்று மெலிந்து போய்ச் சேருகிறது. அந்தப் பிந்தல் மிக அதிகமாகப் போனாலும் ஒரு வினாடியைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஆறேழு பங்குதான். அவ்வளவு சிறிய வித்தியாசத்தையும் மூளை பிடித்துக்கொண்டு, "சேவல் வலப்பக்கம்" என்று சொல்லிவிடுகிறது.

இந்தத் திறமையைப் பயன்படுத்தி இசையைப் பதிவு செய்யலாம் என்று இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். படக்கொட்டகையில் நடிகர் திரையின் ஒரு கோடியில் நடக்க, குரல் வேறொரு பக்கமிருந்து வந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று சொல்வார்கள். தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ ஒலிப்பதிவு என்றாலே 1978-இல் வந்த 'பிரியா' படத்தைத்தான் முதலில் குறிப்பிடுவது வழக்கம். இளையராஜா இசையமைத்த படம் அது.

ஸ்டீரியோவில் ஒரு பெட்டியிலிருந்து வருவது மற்றப் பெட்டியிலிருந்து வருவதைப் போலவே இராது. வீணை இடப்பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கும். தாளம் வலப்பக்கம் கூடுதலாக இருக்கும். பாடகரின் குரல் இரண்டிலும் சமமாக இருக்கும். இரண்டிலும் சமமாக வரும் குரல், யாரும் இல்லாத நடு இடத்திலிருந்து வருவதுபோல் நமக்குத் தோன்றும். கண்ணை மூடினால் பாடகர் நம் எதிரே நின்று பாடுகிறார். ஆனால் இரண்டு பெட்டிகளையும் ஒட்டி வைத்துவிட்டால் இந்த வேலை எதுவும் நடக்காது. இரண்டு பெட்டிக்குக் காசு கொடுத்து ஒரு பெட்டியின் பயனைத்தான் பெறுகிறோம்.

சரி, எப்படி வைப்பது? ஒரு நூல்கயிறு இருந்தால் போதும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை நூலால் அளந்துகொள்ளுங்கள். அதே நூலை ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பிடியுங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் சமபக்க முக்கோணம் என்று படித்தோமே, அதுதான். இரண்டு முனையில் பெட்டிகள், மூன்றாம் முனையில் நாம். பெட்டிகளின் முகம் சற்றே உள்பக்கம் திரும்பி நம்மைப் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டுக் கூடம் பத்தடி அகலம். அடுத்த வீட்டோடு பொதுவில்லாத சுவர் எது என்று பார்த்தேன். பின்பக்கச் சுவர் அவர்களுடைய சொந்த அறையின் சுவர். அதன் முன்னால் இரண்டு முக்காலிகளைப் போட்டு, ஆறடி இடைவெளியில் பெட்டிகளை வைத்தோம். இருபுறமும் பொதுச் சுவரிலிருந்து இரண்டிரண்டு அடி தள்ளியாயிற்று. ஆறடி எட்டத்தில் பாயை விரித்தோம்.

அளவு கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன என்று கேட்கலாம். நம் நாட்டு வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. ஓர் அடி தூரத்தைக் கடக்க ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகூட ஆகாது. ஆனாலும் ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், முதலில் வந்த பக்கத்தையே காது நம்பும். நீங்கள் ஒரு பெட்டிக்கு ஓரடி அருகில் உட்கார்ந்துவிட்டால் பாடகர் முழுதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். மற்றப் பெட்டி வேலை செய்யவில்லையோ என்றுகூடத் தோன்றும்.

அடுத்து உயரம். ஸ்பீக்கர் பெட்டியின் முகத்தில் பெரிதும் சிறிதுமாக வட்டங்கள் இருக்கும். பெரிய வட்டம் தவில் போன்ற கனத்த ஒலிக்கு. சிறிய வட்டம் தாளம், சலங்கை போன்ற மெல்லிய கூர்மையான ஒலிக்கு. கனத்த ஒலி எங்கும் பரவும். கூர்மையான ஒலியோ கைவிளக்கின் ஒளியைப்போல நேராகப் போகும். ஆகவே அந்தச் சிறிய வட்டம் நம் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கும். பாயில் உட்கார்ந்தால் இரண்டரை அடி. ஆறடி உயர அலமாரியின் தலையில் பெட்டியை வைத்தால் கூர்மையான ஒலி நம் தலைக்கு மேலே கூரையைப் பார்த்துப் போய்விடும். பெட்டிக்கு முன்னால் திரைச்சீலை, பூச்சாடி, மடித்த துணி எதுவும் நிற்கக்கூடாது.

இப்போது அந்த மாணவியின் 'வெல்லம்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் டுரியான் துங்கால் நீர்த்தேக்கத்தின் கரையோரம் ஒரு கல்லை எறிந்தால் அலை புறப்படும். கரையில் மோதித் திரும்பி, அடுத்து வரும் அலையோடு சேர்ந்துகொள்ளும். அறைக்குள் ஒலியும் அப்படித்தான். வினாடிக்கு 100 தடவை அதிரும் கனத்த ஒலியின் ஓர் அலை மூன்றரை மீட்டர் நீளம்; பதினொன்றரை அடி. கூடத்தின் அகலத்தைவிட அதிகம். பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் இந்த நீள அலை சுவரில் பட்டுத் திரும்பித் தன்னோடு தானே சேர்ந்து பெருக்கும். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்துகொள்ளும். 'தும் தும்' என்ற முழக்கம் அளவுக்கு மீறிப்போகும்.

'ல', 'ள', 'ழ' மூன்றையும் பிரித்துக் காட்டும் சாயல்கள் இந்தக் கனத்த ஒலியில் இல்லை. அதற்கு மேலே உள்ள மெல்லிய பகுதியில் இருக்கின்றன. முழக்கம் மிகுந்தால் அந்தச் சாயல்கள் அமுங்கிவிடுகின்றன. பெரியவர்களாகிய நமக்குச் சொல் முன்பே தெரியும். ஆகவே பாதி கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வோம். சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை எதைக் கொண்டு ஊகிக்கும்? அது காதில் விழுந்ததையே எழுதும். தமிழ் பேசுவோரின் குரலை வானொலி வழியாகவே பெரிதும் கேட்டு வளரும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவாவது பெட்டியை மூலையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை அடி, இடம் இருந்தால் இரண்டடி தள்ளி வையுங்கள்.

பலகைச் சுவரில் இன்னொரு சங்கடம் உண்டு. பெட்டி பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலகையும் சேர்ந்து அதிரும். முழுச் சுவரும் ஒரு தவில் தோலாகிவிடும்; அதன் மறுபுறம் படுத்திருப்பவர் தவிலுக்குள்ளே படுத்திருப்பதுபோல்தான். ஆகவே பெட்டி சுவரைத் தொடவே கூடாது. பெட்டிக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப்பை நான்கு துண்டாக நறுக்கி வையுங்கள். நம் முன்னோர் வெட்டிய பால் ரப்பராகி, ரப்பர் டியூப்பாகி, இன்று நம் வீட்டு அதிர்வையும் கொஞ்சம் தாங்கட்டும்.

லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்கள், "எங்கள் வீடு கல்வீடாயிற்றே" என்று சொல்லக்கூடும். கல்வீட்டில் வேறு தொல்லை. சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் ஒலியைத் திருப்பி வீசும். கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'டர்ர்' என்று ஒலி இழுத்தால் அங்கே பேச்சு தெளியாது. பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தடித்த பாயோ கம்பளமோ விரியுங்கள். சன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். பக்கச் சுவரில் புத்தக அலமாரி ஒன்று இருந்தால் அது பிள்ளையின் படிப்புக்கும் நல்லது, கேட்பதற்கும் நல்லது.

தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது மட்டும் எந்த ஏற்பாடும் பலிக்காது. மழையோடு போட்டி போட்டுச் சத்தத்தைக் கூட்ட வேண்டாம். மழை விடும் வரை அணைத்துவிடுங்கள். இடியும் மின்னலும் இருந்தால் மின்கம்பியையும் கழற்றிவிடுவது நல்லது.

கம்பி இணைப்பையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு கம்பிகள் போகும். சிவப்பு, கறுப்பு என்று குறியிருக்கும். சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேரவேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால், ஒரு பெட்டி காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தவில் ஒலி செத்துப்போகும். பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. இதைச் சோதிப்பது எளிது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டைக் கேளுங்கள். பிறகு செட்டை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியின் கம்பிகளை மட்டும் இடம் மாற்றி, அதே பாட்டைக் கேளுங்கள். எந்த இணைப்பில் கனத்த ஒலி நிறைவாக வருகிறதோ அதுவே சரி. அணைக்காமல் கம்பியைத் தொடவேண்டாம். கம்பிகள் நடைபாதையில் கிடந்து பிள்ளைகளின் காலில் மாட்டாமல் சுவரோரமாகப் போகட்டும். முக்காலியும் ஆடாத முக்காலியாக இருக்கட்டும்.

இரண்டு பெட்டிகள் இல்லை, கைபேசியோடு சேரும் சிறிய புளூடூத் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது என்பவர்கள் முக்கோணத்தை மறந்துவிடலாம். மற்றவை எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். மூலையில் வேண்டாம்; தரையில் வேண்டாம்; காதின் உயரத்தில், உங்களைப் பார்த்தபடி, அருகில் வையுங்கள்.

அருகில் என்ற சொல்லை அழுத்திச் சொல்லுகிறேன். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அளவு ஆறு டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் இருப்பதால் அவ்வளவு குறையாது; ஆனாலும் எட்டிப்போகப் போகப் பெட்டியின் நேர் ஒலி மங்கிச் சுவரின் எதிரொலி மிஞ்சும். அப்போது நம் கை தானாகக் குமிழைத் திருகுகிறது. சத்தம் கூடுகிறது, எதிரொலியும் கூடுகிறது, தெளிவு மட்டும் வருவதில்லை. பெட்டியைச் சரியாக வைத்து அருகில் உட்கார்ந்தால், குறைந்த சத்தத்திலேயே எல்லாம் விளங்கும். நல்ல இடம் கிடைத்த சிறிய பெட்டி, கெட்ட இடத்தில் இருக்கும் பெரிய பெட்டியைவிட மேல்.

காதுக்கும் அதுவே பாதுகாப்பு. வேலையிடங்களுக்கு நிபுணர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபல் ஆனால் ஒரு மணி நேரம்தான்; 100 டெசிபல் ஆனால் கால் மணி நேரம். செம்பனை ஆலையிலும் புல்வெட்டும் இயந்திரத்தின் பக்கத்திலும் நாள் முழுதும் நிற்பவரின் காது ஏற்கெனவே களைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தும் அதை அடிக்கலாமா? அளந்து பார்க்கக் கருவி வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் மிகுதி என்று அறிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலைக்கு வருகிறேன். பெட்டிகளை வைத்து முடித்ததும் தகப்பனார் குமிழைப் பழையபடி பாதிக்கு மேல் திருகினார். உடனே தானே திடுக்கிட்டுக் குறைத்தார். கால் பங்கில் நின்றது. நாதஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம் என்று பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் செய்தி வந்தது. என் மாணவி பாயில் உட்கார்ந்து எழுதினாள். அன்றைய செய்தியில் 'விழா' வந்தது. 'விழா' என்றே எழுதினாள்.

பாட்டி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, ரேடியோ கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல பாட்டி, பாடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் இவர்.

அதோடு எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஊர் அடங்கிய நேரத்தில் தவில் ஒலி பலகையைத் தாண்டிப் போகத்தான் செய்கிறது. நீள அலையை மெல்லிய பலகையால் தடுக்க முடியாது. அதற்குப் பெட்டியை எங்கே வைத்தும் பயனில்லை. மனிதர்கள்தான் பேசி முடிக்க வேண்டும். அவர்கள் பேசினார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பாட்டு இல்லை என்று இவர் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பாட்டு வைக்கவேண்டும் என்று பாட்டி கேட்டுக்கொண்டார். புதிய செட்டுக்கு அந்த வீட்டில் தவணை எழுதவில்லை.

நேயர்களே, இந்தப் பேச்சு முடிந்ததும் எழுந்து உங்கள் பெட்டியைப் பாருங்கள். மூலையில் இருந்தால் வெளியே இழுங்கள். உயரத்தில் இருந்தால் இறக்குங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தால் விலக்குங்கள். பிறகு ஒரு நூலை எடுத்து அளந்துவிட்டு, குமிழைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.